மொச்சையிலுள்ள புரதமும் கொரோனா நோயும்

2020-ம் வருஷம் மே, ஜூன் மாதங்களில் சென்னையில் கொரோனா நோய் பரவியபோது, மாநகராட்சியின் 15 மண்டலங்களுள் இராயபுரம் மண்டலத்தில் நோயாளிகளின் தொகை மிகுந்திருந்தது. நெருங்கிய வீடுகளும், குறுகிய தெருக்களும், துறைமுகத்தையும் மீன்பிடி துறையையும் நம்பிப் பிழைக்கும் ஜனத்திரளும் நோய் விரைந்து பரவ இடந்தந்தன. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வழியாக மீஞ்சூர், பொன்னேரி வரை ரயிலும் சாலையும் செல்லுகின்றன. ஆகையால் பட்டணத்து நோயும், அதற்கு மருந்தென்று எழும் பேச்சும் கிராமங்களை எட்டுவது இயல்பே. இந்நோயை எதிர்க்கக்கூடிய பொருள்களைத் தேடிய ஆராய்ச்சியாளர்கள் கண்டவற்றுள் ஒன்று, குடியானவர்கள் பயிரிடும் மொச்சையில் இருப்பதாகும். அதன் உண்மை யாதென அறிதல் நலம்.

புரதத்தின் தன்மை

அவரையும் மொச்சையும் ஒரே தாவர இனத்தின் இரு பிரிவுகள். இவற்றின் விதைகளில், சர்க்கரைத் தொடர்களைப் பற்றிக்கொள்ளும் லெக்டின் என்னும் புரதம் உண்டு. கொரோனா வைரஸின் மேற்புறத்திலோ முட்கள் போன்ற புரதங்கள் அமைந்துள்ளன. மனித உடலின் உயிரணுவைப் பற்றி உள்ளே நுழைவதற்கு இம்முட்களே அதற்குக் கருவி. ஒவ்வொரு முள்ளும் மூன்று கூறுகளால் ஆனது. ஒவ்வொரு கூறிலும் சர்க்கரைத் தொடர்கள் ஒட்டிக்கொள்ள 22 இடங்கள் உள. லெக்டின் அச்சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளுமாயின், பற்களில் அரக்குப் படிந்த சாவி பூட்டில் நுழையாததுபோல, வைரஸும் உயிரணுவினுள் நுழைய இயலாமற் போகிறது.

சோதனைகளின் முடிவு

2002-ல் தோன்றிய சார்ஸ் என்னும் கொரோனா நோய்க்குப் பின், பெல்ஜியம் நாட்டார் பல தாவரங்களின் லெக்டின்களைச் சோதித்து, அவற்றுட் சில அவ்வைரஸைத் தடுப்பதாக 2007-ல் வெளியிட்டனர். 2020-ல் தைவான் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், மொச்சை இனத்து விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு லெக்டின், சோதனைச்சாலையில் வளர்த்த உயிரணுக்களில் இன்ஃபுளுவென்சா வைரஸையும் புதிய கொரோனா வைரஸையும் தடுத்ததாக அறிவித்தனர். மூக்கின் வழியே அதனைச் செலுத்திய சுண்டெலிகள் இன்ஃபுளுவென்சாவினின்று காக்கப்பட்டன. எனினும் சுண்டெலிகளில் செய்த சோதனை இன்ஃபுளுவென்சாவைப் பற்றியதே என்பதும், கொரோனாவைப் பற்றிய முடிவு உயிரணுச் சோதனையளவில் நின்றது என்பதும் கவனிக்கத்தக்கன.

உண்பதால் பயன் உண்டா?

மொச்சையை உண்பதனால் இந்நோய் தடைப்படாது. வேகவைக்கும்போது லெக்டின் தன் அமைப்புக் குலைந்து பற்றும் வலிமையை இழக்கிறது. பச்சையாகவோ அரைகுறையாக வேகவைத்தோ உண்டால், லெக்டினும் விதையிலுள்ள பிற தீய பொருள்களும் குமட்டல், வாந்தி, வயிற்றுநோய் இவற்றை விளைவிக்கும். காய்ந்த மொச்சையை இரவில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, நன்றாக வேகவைத்து உண்ணும் வழக்கம் மிகவும் பொருத்தமானது.

பிரித்தெடுத்த லெக்டினும் உடனே மருந்தாகிவிடாது. மனித உயிரணுக்களின் மேலும் சர்க்கரைத் தொடர்கள் இருப்பதால், அது அவற்றையும் பற்றித் தீங்கு செய்யக்கூடும். வாழைப்பழத்து லெக்டினில் இத்தகைய குறையைக் களைய, அதன் அமினோ அமிலங்களுள் ஒன்றை மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று என்று 2015-ல் வெளியான ஆராய்ச்சி காட்டுகிறது. கொரோனாவால் நேரும் உயிர்ச்சேதத்தைப் பெரிதும் குறைத்தது 2021 ஜனவரி 16 முதல் இந்தியாவில் இடப்பட்ட தடுப்பூசியே.

செய்யத்தக்கவை

மொச்சையை நோய்தீர்க்கும் சரக்கென்று சொல்லி விலையேற்றுவோரையும், அதன் பச்சை மாவை மருந்தென விற்போரையும் விவசாயிகள் நம்பலாகாது. கிராம உத்தியோகஸ்தர்கள் இத்தகைய விற்பனையைச் சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தல் வேண்டும். மொச்சையின் மதிப்போ இப்பேச்சால் குறைவதன்று. அது வேர் முடிச்சுகளால் நிலத்திற்குத் தழைச்சத்தும், விதையால் குடும்பத்திற்குப் புரதச்சத்தும் அளிக்கும் பயிர். வெவ்வேறு இரகங்களின் விதையில் புரதங்களும் வேறுபடக்கூடுமாதலால், ஊரில் வழங்கும் பழைய இரகங்களை அழியவிடாமல் ஆண்டுதோறும் சிறிதளவேனும் விதைத்துக் காப்பாற்றுவது, பிற்கால ஆராய்ச்சிக்கு விவசாயிகள் செய்யும் பேருதவியாகும்.