உங்க போர்டுல வடிகால் இருக்கா?

தஞ்சாவூர்ப் பக்கம் எந்த இ.சி.இ. பேட்ச்சை எடுத்தாலும் பம்ப்செட்டை போன்ல ஓட்டுற ப்ராஜெக்ட் ஒண்ணாவது இருக்கும். மேட்டூர் ஜூன் 12-ல திறக்கலைன்னா குறுவைக்கு போர் தண்ணிதான்; த்ரீ பேஸ் ராத்திரியில வந்தா வயலுக்கு நடக்க வேண்டாமேன்னு வீட்டுல கேக்குறாங்க. ஒரு அட்மெகா328, ஒரு சிம்800எல், ஒரு ரிலே. அவ்வளவுதான். (ஜியோ சிம் போடாதீங்க, இது 2ஜி.)

சர்க்யூட் சரி, புரோக்ராம் சரி, ஆனா கால் வந்ததும் போர்டு ரீசெட் ஆகுதா? புரோக்ராமைத் தோண்டறதுக்கு முன்னால லேஅவுட்டைப் பாருங்க.

சிம்800எல் சிக்னல் அனுப்பும்போது 577 மைக்ரோசெகண்டுக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும். 4.6 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை இப்படி. அதுக்கு வேண்டியது 3.4 முதல் 4.4 வோல்ட், நாம கொடுப்பது 4.0 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண போர்டில் செம்பு 35 மைக்ரான் தடிமன். அதில் ஒரு சதுரத்துண்டுக்கு, சின்னதோ பெரிசோ, சுமார் 0.5 மில்லி ஓம். 0.25 மி.மீ. அகலத்தில் 50 மி.மீ. நீளம் டிராக் இழுத்தால் 200 சதுரம், அதாவது 0.1 ஓம். 2 ஆம்பியருக்கு 0.2 வோல்ட் போச்சு. கிரவுண்டும் அதே மாதிரி மெல்லிசா திரும்பினா இன்னொரு 0.2. மிச்சம் 3.6. ரெகுலேட்டரும் கொஞ்சம் தணிஞ்சா 3.4-க்குக் கீழே போயிடும். டிராக்கை 2 மி.மீ. ஆக்கினா இழப்பு 0.025 வோல்ட்தான்.

"1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வெச்சிருக்கேனே" என்பீங்க. ஒரு தடவை இழுக்கும் மின்னூட்டத்தை அது மட்டுமே கொடுத்தா, அதோட வோல்ட்டேஜ் 1.15 குறையும். கணக்குப் போட்டுப் பாருங்க. அதனால மாட்யூலின் பின்னுக்கு ஒட்டி கெப்பாசிட்டரும் வேணும், ரெகுலேட்டரில் இருந்து தடியான டிராக்கும் வேணும்.

சப்ளை டிராக்கை எல்லாரும் ஒரு தடவையாவது பார்ப்பாங்க. கிரவுண்டை யாரும் பார்க்கிறதில்லை. ஐப்பசி மழையில பயிர் அழுகுறது ஏன்னு ஊர்ல கேளுங்க. வாய்க்கால்ல குறை இருக்காது, வடிகால் தூர்ந்து கிடக்கும். போன கரண்ட் அத்தனையும் திரும்பணும். சிம் மாட்யூலும் அட்மெகாவும் ஒரே மெல்லிய கிரவுண்டைப் பகிர்ந்தா, ஒவ்வொரு பர்ஸ்ட்டுக்கும் அட்மெகாவின் "பூஜ்யம்" 0.2 வோல்ட் துள்ளும்.

ரெண்டு லேயர் போர்டுன்னா கீழ் லேயர் முழுசையும் கிரவுண்டுக்கே விடுங்க. வேகமான சிக்னலின் கரண்ட் அந்த டிராக்குக்கு நேர் கீழேயே திரும்பப் பார்க்கும். அவசரத்துக்கு கீழே குறுக்கா ஒரு டிராக் ஓட்டினா கிரவுண்டு ரெண்டாப் பிளக்கும், கரண்ட் சுத்திக்கிட்டு வரும். வரப்பு குறுக்கே விழுந்த வடிகால் மாதிரி. கீகேட் இதைத் தப்புன்னு சொல்லாது, டி.ஆர்.சி. பச்சையாத்தான் இருக்கும். மேல் லேயரை அணைச்சுட்டு கீழ் லேயரை மட்டும் தனியா உத்துப் பாருங்க. தவிர்க்க முடியாத குறுக்கு டிராக்கை மேலே தூக்கி ஜம்பர் போடுறது மேல். வீட்டுல ஃபெரிக் குளோரைடுல ஒரு லேயர் அடிக்கிறவங்க, மிச்ச செம்பைக் கரைக்காம கிரவுண்டா விட்டுடுங்க, ஆசிடும் மிச்சம்.

ஒரே இடத்துல மட்டும் அந்த கிரவுண்டு வரக்கூடாது: ரிலேவின் காண்டாக்ட் பக்கம். ஸ்டார்ட்டரின் காயில் பெரும்பாலும் 415 வோல்ட். குறைந்தது 8 மி.மீ. வெறும் போர்டா விட்டு, நடுவில ஒரு வெட்டும் போடுங்க. மோட்டார் கொட்டகை ஈரத்துக்கும் பல்லிக்கும் லேப் டேபிளில் ஓடின போர்டு தாங்காது.

சரியாச்சான்னு மல்டிமீட்டர்ல தெரியாது, 577 மைக்ரோசெகண்டை அது பிடிக்காது. லேப்ல ஆசிலோஸ்கோப் கேளுங்க. புரோபின் கிரவுண்டு கிளிப்பை மாட்யூலின் கிரவுண்டு பின்னிலேயே மாட்டி, கால் பண்ணிக்கிட்டே பாருங்க. பள்ளம் 3.6-க்கு மேலேயே நின்னா போர்டை வயலுக்கு எடுத்துட்டுப் போகலாம்.