கழித்த கமலாவில் ஜாமும் குழம்பும்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், பைல் நாடு முதலிய மலை நாடுகளின் விவசாயிகள் காப்பி, மிளகுடன் கமலா ஆரஞ்சு, எலுமிச்சை, நார்த்தை மரங்களையும் வளர்க்கின்றனர். சந்தையில் வியாபாரி பொறுக்குவது பெரிய, தோல் மாசற்ற பழங்களையே. சிறுத்தவையும் வடுப்பட்டவையும் காற்றில் உதிர்ந்தவையும் கூடையின் அடியில் தங்கிவிடும். இவற்றை அன்றே கழுவி அடுப்படிக்குக் கொண்டு சென்றால் வீணாகா. அழுகிய பழத்தை மட்டும் சேர்க்கலாகாது.

இனிப்பில் முதன்மையானது ஜாம். 1 கிலோ பழத்தை உரித்து, சுளைகளை நீர் விட்டு வேகவைக்க வேண்டும். விதைகளையும் வெள்ளை நாரையும் மெல்லிய துணியில் முடிந்து அதே பாத்திரத்தில் இடவும். ஜாமை இறுகச் செய்யும் பெக்டின் இவற்றில்தான் மிகுதி. வெந்ததும் முடிச்சைப் பிழிந்து எடுத்துவிட்டு, கூழை வடிகட்டி, 1 கிலோ கூழுக்கு 750 கிராம் சர்க்கரை, 2 எலுமிச்சையின் சாறு சேர்த்துக் காய்ச்சவும். தோலில் ஒரு பிடியை மெல்லிய கீற்றுகளாக்கி, தனியே கொதிக்கவைத்து, நீரை இறுத்த பின் இதில் கலக்கலாம். சற்றே கசக்கும், அதுவே இந்த ஜாமின் குணம்.

இங்கே மலைவாசிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜாமை 105 டிகிரி சென்டிகிரேடில் இறக்கும்படி சமவெளிக் குறிப்புகள் கூறும். சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே மலையில் ஜாமின் பதம் ஏறத்தாழ 101 டிகிரி. 105 வரை காய்ச்சினால் கரண்டிக்கு மசியாத மிட்டாய்தான் மிஞ்சும். சர்க்கரையும் விறகும் நஷ்டம். வெப்பமானி இல்லாதோர் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்க்கவும். சொட்டுச் சொட்டாக விழாமல் தகடுபோல் சேர்ந்து விழுந்தால் இறக்கிவிடலாம்.

மீந்த தோல் குழம்புக்கு ஆகும். உள்வெள்ளையைச் சுரண்டிவிட்டுப் பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், மிளகாய் தாளித்து வதக்கவும். புளிக்கரைசலும் உப்பும் சேர்த்துக் கொதித்த பின் கொஞ்சம் வெல்லம் இட வேண்டும். மருந்து தெளித்த மரத்தின் தோலை, அம்மருந்துக்குரிய காத்திருப்பு நாட்கள் கழியுமுன் தொடவே கூடாது.

நார்த்தங்காயைச் சுருள் சுருளாக வெட்டி, 1 கிலோவுக்கு 200 கிராம் உப்பு அடைத்து, பீங்கான் ஜாடியில் வைத்து நாள்தோறும் குலுக்கவும். சில நாட்களில் சாறு விடும். பிறகு பகலில் வெயிலிலும் இரவில் அதே சாற்றிலுமாக, சாறு முழுவதும் வற்றும் வரை உலர்த்த வேண்டும். மஞ்சு இறங்கும் நாட்களில் இவ்வேலையைத் தொடங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்கள் புளிப்புக்கு ஆகா.

சாமைச் சோற்றுக்கு எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போதே பிழிவது பலரது வழக்கம். வைட்டமின் சி வெப்பத்தில் அழிவதால், இறக்கிச் சற்று ஆறிய பிறகே பிழிய வேண்டும். சாமையிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க இந்த வைட்டமின் துணை செய்கிறது. சோகையால் வாடும் தாய்மாருக்கு இது முக்கியம்.

ஜாமையும் ஊறுகாயையும் விற்க விரும்பும் மகளிர் குழுவினர், முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.