திறக்கப்படாத வரிக்கடிதமும் உயரும் இரத்த அழுத்தமும்



தலையிடி, நித்திரையின்மை, வயிற்றெரிவு, நெஞ்சுக்குள் ஓர் இறுக்கம் என்று எம்மைத் தேடி வருபவர்கள் பலர். இரத்தம் சோதிப்போம், இருதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்ப்போம். பெரும்பாலும் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை வரும்போது, ஆறுதலாக இருத்திவைத்துக் கேட்டால்தான் சில வேளைகளில் உண்மைக் காரணம் வெளியே வருகிறது. பினான்ஸ்அம்ற் எனப்படும் வரித் திணைக்களத்திலிருந்து வந்த கடிதம் ஒன்று லாச்சிக்குள் கிடக்கிறது. சில வீடுகளில் ஒன்றல்ல, ஒரு கட்டு. அவற்றில் பாதி உடைக்கப்படவேயில்லை.

ஒரு சுகாதாரப் பகுதியில் வரியைப் பற்றி ஏன் எழுதுகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். மைன்ஸ் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்கள் 2006, 2007 ஆண்டுகளில் ரைன்லாந்து-பால்ஸ் மாநிலத்தில் கடன் ஆலோசனை நிலையங்களுக்கு வந்தவர்களிடம் அவர்களது உடல்நலம் பற்றி விசாரித்தார்கள். ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் ஏதாவது ஒரு நோய் தமக்கு இருப்பதாகச் சொன்னார்கள். மனநோய்களும் முதுகு, மூட்டு வருத்தங்களும் முன்னணியில் நின்றன. கடன் நோயைக் கொண்டுவந்ததா, நோய் கடனைக் கொண்டுவந்ததா என்பதை இப்படியான ஆய்வொன்று பிரித்துச் சொல்லாது. எமது அனுபவத்தில் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகின்றன.

பயம் நீடிக்கும்போது உடலில் அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய சுரப்புகள் உயர்ந்து நிற்கின்றன. இரத்த அழுத்தமும் சீனியும் ஏறுகின்றன. நித்திரை குறைகிறது, நித்திரை குறைந்தால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டு போவதால் மட்டும் இது தீராது. நாம் கவனித்த வரையில், தொகை பெரிதாக இருப்பது அல்ல, தொகை எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதே ஆட்களைக் கூடுதலாக வதைக்கிறது. கடிதத்தை உடைத்தவர் 3,000 யூரோவுக்குப் பயப்படுகிறார். உடைக்காதவருடைய பயத்துக்கு எல்லையே இல்லை.

எம்மவரிடம் இந்தப் பயம் வேறொரு இடத்திலிருந்தும் வருகிறது. எண்பதுகளில் இந்நாட்டுக்கு வந்தவர்கள் சிர்ண்டோர்பில் இருந்த அகதிகள் அலுவலகத்தின் கடிதத்துக்காக மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள். அந்த உறைக்குள் இருந்தது வாழ்வா, திருப்பி அனுப்புதலா என்பது. அதற்கு முன்னர் ஊரில், கதவு தட்டப்பட்டால் அது சுற்றிவளைப்பு. ஆகவே அரச முத்திரை பதித்த உறையையும், வாசலில் நிற்கும் உத்தியோகத்தரையும் கண்டவுடன் உடம்பு பழைய கணக்கைத்தான் போடுகிறது. இது கோழைத்தனமல்ல, கற்றுக்கொண்ட பாடம். ஆனால் இங்கே அந்தப் பாடம் பொருந்தாது. இங்கே வருகிற ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு தவணைத் திகதியும், எங்கே முறையிடலாம் என்ற பந்தியும் உண்டு. திறக்காமல் விட்டால் நாம் இழப்பது அந்தத் திகதியைத்தான்.

இப்படியான வரிக்கடன் கடைக்காரருக்கும் உணவகக்காரருக்கும் மட்டுமே வரும் என்று எண்ண வேண்டாம். கணவன் மனைவி மூன்றாம், ஐந்தாம் வரி வகுப்புகளில் இருந்தால் ஆண்டு முடிவில் மேலதிகமாகக் கட்ட நேரலாம். நாம் அடிக்கடி காண்பது இன்னொன்று. ஒருவர் முதுகுச் சத்திரசிகிச்சை செய்து நீண்டகாலம் வீட்டில் இருக்கிறார். ஆறு கிழமைக்குப் பின் வேலைதருநர் சம்பளத்தை நிறுத்த, கிராங்கன்காசே நோய்க்காலக் கொடுப்பனவு தருகிறது. அந்தப் பணத்துக்கு நேரடியாக வரி இல்லை. ஆனால் ஆண்டின் மற்ற வருமானத்துக்கான வரி வீதத்தைக் கணிக்கும்போது அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வீதம் ஏறும். இப்படியான கொடுப்பனவுகள் ஆண்டுக்கு 410 யூரோவைத் தாண்டினால் வரி விபரம் சமர்ப்பிப்பதும் கட்டாயம். பிள்ளை பிறந்தபின் கிடைக்கும் பெற்றோர் கொடுப்பனவுக்கும், வேலையில்லாக் காலக் கொடுப்பனவுக்கும் இதே விதிதான். நோய் மாறி, வேலைக்குத் திரும்பி ஒரு வருடம் கழிந்தபின் கட்டணக் கடிதம் வருகிறது. நோயாளர்களுக்கு விடுமுறைத் துண்டு எழுதிக் கொடுக்கும்போது இதையும் சொல்லி, மாதாமாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வரி விபரம் கொடுக்காமலே விட்டால் என்ன? திணைக்களம் தானாகவே உங்கள் வருமானத்தை மதிப்பிட்டு வரி போடும். அந்த மதிப்பீடு பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இராது. பெருந்தொகையைக் கண்டு மயங்கி விழும் கடிதங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. உண்மைக் கணக்கை உரிய காலத்துக்குள் கொடுத்தாலே தொகை இறங்கிவிடக் கூடும்.

அந்த உரிய காலம் ஒரு மாதம். 2025ஆம் ஆண்டிலிருந்து, தபாலில் இட்ட நான்காம் நாள் கடிதம் உங்களைச் சேர்ந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபனை தெரிவிக்கலாம். மஞ்சள் உறையில் வந்தால் உறையிலேயே திகதி எழுதியிருக்கும். அந்த உறையை எறிந்துவிடாதீர்கள். ஒரு முக்கியமான விடயம்: ஆட்சேபனை எழுதிவிட்டோம் என்று சும்மா இருக்க முடியாது. ஆட்சேபனை மட்டும் அறவிடுதலை நிறுத்தாது. முடிவு வரும்வரை பணம் கேட்பதை நிறுத்தி வைக்கும்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

தொகை சரிதான், ஆனால் கையில் இல்லை என்றால் வழி வேறு. கட்டவேண்டிய நாளுக்கு முன்னரே, வருமானம், வாடகை, மற்றச் செலவுகளை எழுதிக் காட்டி, ஸ்ருண்டுங் எனப்படும் தவணை நீடிப்பைக் கேட்கலாம். கொடுத்தேயாக வேண்டும் என்றில்லை. மறுத்தால், அறவிடும் பிரிவிடம் மாதத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்கலாம். கட்டக்கூடிய தொகையையே சொல்லுங்கள். மாதம் 150 யூரோ கட்டக்கூடியவர் ரோசத்துக்காக 500 என்று எழுதிவிட்டு இரண்டாம் மாதமே தவறுவதால் பயனில்லை.

இந்த இடத்தில் எம்மவர் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். மானம் போய்விடும் என்று, சீட்டைக் கழிவு போட்டு எடுத்தோ, நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கியோ வரியைக் கட்டுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 4,000 யூரோ வரியைக் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று, அதாவது 40 யூரோ. தவணை நீடிப்புக் கிடைத்தால் வட்டி அதில் பாதி, 20 யூரோ. மூன்று வட்டிக்காரருக்கோ மாதம் 120 யூரோ. அத்துடன் அந்தக் கடனுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. கோயிலிலும் கொண்டாட்டத்திலும் அவரைக் கண்டால் ஒளிய வேண்டும். ஒரு கடனை மறைக்க இன்னொரு கடன் எடுத்தவர்களையே மிக மோசமான உடல்நிலையில் நாம் காண்கிறோம்.

இவை எதுவும் நடக்காவிட்டால் நினைவூட்டல் வரும், பிறகு அறவிடப்போவதாக அறிவித்தல் வரும். எல்லாரும் பயப்படுவது வீட்டுச் சாமான்களுக்காக. உண்மையில் முதலில் கை வைப்பது பெரும்பாலும் வங்கிக் கணக்கிலும் சம்பளத்திலும்தான். ஒரு காலை வங்கி அட்டை வேலை செய்யாது, வாடகை போகாது. இதற்கு 2010ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட பாதுகாப்பு பே-கொன்ரோ. உங்களுடைய சாதாரணக் கணக்கையே அப்படி மாற்றித் தரும்படி வங்கியிடம் கேட்கலாம். வங்கி மறுக்க முடியாது. அதில் மாதம் ஓர் அடிப்படைத் தொகை தொடப்படாமல் இருக்கும். 2025 யூலை 1இல் அது 1,560 யூரோவாக நிர்ணயிக்கப்பட்டது. ஒவ்வொரு யூலையிலும் இத்தொகை புதுப்பிக்கப்படுகிறது. நீங்கள் பராமரிக்கும் துணைக்கும் பிள்ளைகளுக்கும் சான்றிதழ் காட்டினால் கூடும். கணக்கு முடக்கப்பட்ட பின்னரும் ஒரு மாதத்துக்குள் மாற்றினால் பாதுகாப்பு பின்னோக்கிச் செல்லுபடியாகும். ஆனால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்கை இப்படி மாற்ற முடியாது. எமது குடும்பங்கள் பலவற்றில் இருப்பது கூட்டுக் கணக்கு ஒன்றுதான். கடிதம் வந்த கிழமையே தனித்தனிக் கணக்கு பற்றி வங்கியில் பேசுங்கள்.

வீட்டுக்கு ஆள் வந்தால்? வருபவர் பொலிஸ் அல்ல, திணைக்களத்தின் அறவிடும் உத்தியோகத்தர். அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையிலோ, ஞாயிற்றுக்கிழமையிலோ தனியான எழுத்து அனுமதியின்றி அவர் வர முடியாது. உங்கள் சம்மதமின்றி வீட்டைச் சோதிக்க, வழமையாக நீதிபதியின் கட்டளை வேண்டும். கட்டில், குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, உடுப்பு போன்ற எளிய வாழ்க்கைக்குத் தேவையானவற்றை எடுக்க முடியாது. வேலைக்கு அவசியமான பொருட்களும், இரத்த அழுத்தம் அல்லது சீனி பார்க்கும் கருவி, சக்கர நாற்காலி போன்ற நோய்க்குத் தேவையானவையும் அப்படியே. சாமியறைப் பொருட்களுக்கும் 500 யூரோ பெறுமதிவரை பாதுகாப்பு உண்டு. எடுக்கக்கூடிய பொருளென்றால், உடனே தூக்கிச் செல்லாமல் முத்திரை ஒட்டிவிட்டுப் போகலாம். அதற்கு ஜேர்மானியர் வைத்த பட்டப்பெயர் குக்குக், அதாவது குயில். முன்னர் அதில் இருந்த அரச கழுகைத்தான் அப்படிக் கேலி செய்தார்கள். கேலிப்பெயர் இருக்கிறது என்றால், இது அவர்களுக்கும் வருகிற கரைச்சல்தான் என்று விளங்குகிறதல்லவா?

நகைதான் எங்கள் வீடுகளின் பெரிய கவலை. காப்பும் சங்கிலியும் எடுக்கப்படக் கூடியவை. திருமண மோதிரத்தைச் சட்டம் பெயர் சொல்லிக் காக்கிறது. தாலிக்கொடியின் பெயர் அதில் இல்லை. அது மோதிரத்துக்கு ஒப்பானது என்பதை உத்தியோகத்தரிடம் எடுத்துச் சொல்லுங்கள், முன்கூட்டியே ஆலோசகரிடமும் கேளுங்கள். பயத்தில் நகையைத் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் ஒளிப்பது மட்டும் வேண்டாம். அறவிடப்போகிறார்கள் என்று தெரிந்தபின் சொத்தை மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். கட்ட முடியாமல் இருப்பது குற்றமல்ல. அதேபோல, சொத்து விபரம் சொல்ல வரும்படி அழைத்தால் கட்டாயம் போங்கள். போகாமல் விட்டால்தான் பிடியாணை வரையில் போகும்.

இந்தக் கடிதங்களை வீட்டில் யார் வாசிக்கிறார்கள்? பல வீடுகளில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. டொச் நன்றாகத் தெரிந்த பிள்ளைதான், ஆனால் அந்தக் கடிதத்தின் சட்டமொழி அவர்களுடைய ஆசிரியருக்கே சிரமமானது. பிழையாக மொழிபெயர்த்துவிட்டேனோ என்ற பயத்தையும், அப்பாவின் சாமான்களை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அது பள்ளிக்கூடம் போகிறது. வயிற்றுநோ என்று எம்மிடம் கூட்டிவரப்படும் பிள்ளைகளில் இப்படியானவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து பிள்ளையைத் தரகர் ஆக்காதீர்கள். கரித்தாஸ், டியாகொனி, அவோ ஆகிய நிறுவனங்களின் கடன் ஆலோசனை நிலையங்களில் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. சம்பளம் பெறுவோரின் வரி விபரத்துக்கு லோன்ஸ்ரொயர்ஹில்பவெரைன் எனப்படும் உதவிச் சங்கங்கள் உண்டு. சொந்தத் தொழில் செய்வோருக்கு வரி ஆலோசகர் தேவை. கடன் தாங்க முடியாத அளவுக்குப் போயிருந்தால் தனிநபர் முறிவு நடைமுறையும் இருக்கிறது. 2020 ஒக்ரோபர் முதல் அது மூன்று ஆண்டுகளில் முடிகிறது. வரி ஏய்ப்புக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தால் அந்தக் கடன் தீராது என்பது விதிவிலக்கு.

வைத்தியர் என்ன செய்யலாம்? திடீர் நோயால் தவணையைத் தவறவிட்டவர், தடை நீங்கிய ஒரு மாதத்துக்குள் காரணத்தைக் காட்டினால் தவணை மீளக் கிடைக்கக் கூடும். தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படியும் கேட்கலாம். ஆனால் சாதாரண விடுமுறைத் துண்டு இதற்குப் போதாது. எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை, எதனால் கடிதம் பார்க்கவோ வேறொருவரை ஒழுங்குசெய்யவோ முடியவில்லை என்று விபரமாக எழுத வேண்டும். நடக்காததை எழுதித் தரும்படி வைத்தியரைக் கேட்காதீர்கள். பாரிய இருதய நோயோ மனநோயோ உள்ளவர்கள் அறவிடுதலைத் தள்ளிவைக்கக் கேட்கும்போதும் விபரமான சான்றிதழ் உதவும்.

கடன் வந்த வீட்டில் முதலில் வெட்டப்படும் செலவு மருந்து. இதை எம்மிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்துக்கான உங்கள் பங்கு ஆண்டுக்குக் குடும்ப வருமானத்தின் நூற்றுக்கு இரண்டைத் தாண்ட வேண்டியதில்லை. நீரிழிவு, உயர் அழுத்தம் போன்ற நீண்டகால நோய் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு நூற்றுக்கு ஒன்று. பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து கிராங்கன்காசேயில் கொடுத்தால் மிகுதிக்கு விலக்குப் பெறலாம். நித்திரைக் குளிசையை நண்பரிடம் வாங்கிப் போடுவதும், படுக்கப்போகும் முன் இரண்டு கிளாஸ் அடிப்பதும் வேண்டாம். வீட்டில் அளக்கும்போது அழுத்தம் 135/85ஐத் தாண்டியே நின்றால் வந்து காட்டுங்கள்.

நெஞ்சிறுக்கம் சில நிமிடங்களில் விடாமல் கை, தாடைக்குப் பரவினாலோ வியர்த்தாலோ, கவலையால்தான் என்று நீங்களாகத் தீர்ப்பெழுதாமல் 112ஐ அழையுங்கள். செத்தாலும் பரவாயில்லை என்ற எண்ணம் வரத் தொடங்கினால் அதுவும் அவசர நோய்தான், அப்போதும் 112. பேச ஒருவர் தேவையென்றால் 0800 111 0 111 என்ற இலக்கத்தில் இரவு பகல் இலவசமாகப் பேசலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. டொச்சில் பேச முடியாதவர்கள் எம்மிடமோ உங்கள் குடும்ப வைத்தியரிடமோ அன்றே வாருங்கள். வரும்போது அந்தக் கடிதக் கட்டையும் கொண்டு வாருங்கள், உடைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை.