கரைமணல் தந்த சிவப்பு

கடற்கரையைத் துணியில் வரையச் சொன்னால் அலை, சங்கு, மீன் ஆகியவற்றையே நாம் முதலில் எண்ணுவோம். சோழமண்டலக் கடற்கரையின் பழைய வண்ணத்துணிகளில் கரை வேறொரு வழியில் இடம்பெற்றது. அவற்றில் வரையப்பட்டவை பெரும்பாலும் பூங்கொடிகளே. அப்பூக்களின் சிவப்பைத் தந்ததோ கரைமணலில் வளர்ந்த சாயவேர். சித்த மருத்துவம் இம்பூறல் எனக் கூறும் செடியும் இதுவே. கிளிஞ்சல் சிதைந்து சுண்ணாம்புச்சத்து மிகுந்த மணலில் விளைந்த வேர் சிறந்த சாயம் தந்தது.

இக்கலையில் பெரிதும் வியப்புக்குரியது, வரைபவர் சிவப்பைத் தொட்டு வரைவதில்லை என்பதாகும். முதலில் துணியைக் கடுக்காய் நீரிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, வரையும் நீர்மம் இழைகளில் பரவாமல் தடுக்கும். பிறகு இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கரிய கோடுகளை இழுப்பர். சிவக்கவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைப் பூசுவர். படிகாரத்திற்குத் தனக்கென நிறமில்லை. சாயவேர் இட்டுக் கொதிக்கும் நீரில் துணியை அமிழ்த்தியபின், படிகாரம் பட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு நிலைக்கும். ஏனைய இடத்துச் சாயம் வெளுக்கும்போது நீங்கும். அச்சுக்கட்டையால் பதிக்கும் துணிக்கும் இதே அடிப்படைதான்.

துவைத்தாலும் மங்காத இவ்வண்ணத்தை ஐரோப்பியர் பெரிதும் விரும்பினர். தம் நெசவுத்தொழில் நலியுமென அஞ்சிய பிரெஞ்சு அரசு 1686இல் இத்துணிகளுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்தும் பின்னர்த் தடைச்சட்டங்களை இயற்றியது. சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை, 1734இல் நெசவுத்தொழிலாளர் குடியிருக்கவே உருவாக்கப்பட்டது. 1868இல் ஜெர்மானிய வேதியியலார் கிரேபேயும் லீபர்மனும் அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். சாயவேரில் இருப்பதும் அதே சேர்மம். ஆலைச்சாயம் மலிவாகக் கிடைத்தபின், மணலில் வேர் அகழ்ந்து வாழ்ந்தோரின் தொழில் நலிந்தது.