விலை கேட்டு ஆள் வந்தால்

சமூக ஊடகச் செயலி ஒன்றைத் தொடங்கி, அது மளமளவென்று வளர்ந்து, பெரிய நிறுவனம் ஒன்று "கொடுத்துவிடுகிறீர்களா?" என்று ஆளனுப்பிய பிறகு என்னைத் தேடி வரும் பிள்ளைகள் உண்டு. ஒப்பந்தம் படித்துக் கணக்குச் சொல்வது என் பிழைப்பு. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "சார், இந்த விலை சரியா?" விலையைப் பற்றிக் கடைசியில் பேசலாம். அதற்கு முன் யோசிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைக்கிறேன்.

1. அடுத்த சரக்கு கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2006 ஜூலையில் யாஹூ, பேஸ்புக்கை 100 கோடி டாலருக்குக் கேட்டது. மார்க் சுக்கர்பெர்க்குக்கு அப்போது வயது 22. தளம் தொடங்கி இரண்டரை வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. மாணவர்களும் சில நிறுவனங்களின் ஊழியர்களும் மட்டும்தான் உள்ளே வரலாம். போர்டில் இருந்த முதலீட்டாளர்கள் பீட்டர் தீல், ஜிம் பிரேயர் இருவருக்குமே வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம். பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாம், சம்பிரதாயத்துக்குத்தான் கூட்டம் என்கிற தோரணையில் சுக்கர்பெர்க் பேச்சைத் தொடங்கினார் என்று தீல் பிற்பாடு சொல்லியிருக்கிறார். இவ்வளவு பணத்தை வைத்து என்ன செய்வாய் என்ற பேச்சு வந்தபோது, இன்னொரு சமூகத் தளம்தான் கட்டுவேன், இருக்கிறதே எனக்குப் பிடித்திருக்கிறதே என்றாராம்.

இதைத் துணிச்சலுக்கு உதாரணமாக மேடைதோறும் சொல்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. அந்தக் கூட்டம் நடந்தபோது அவர் அலமாரியில் இரண்டு சரக்கு தயாராகிக்கொண்டிருந்தன. ஒன்று நியூஸ் ஃபீட். செப்டம்பர் 5 அன்று வெளியானது. இன்னொன்று, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவைத் திறப்பது. அது செப்டம்பர் 26. யாஹூ போட்ட விலை அன்றைக்கு இருந்த தளத்துக்கு. இனிமேல் வரப்போகிறதற்கு அவர்கள் விலையே போடவில்லை என்பதுதான் சுக்கர்பெர்க்கின் வாதம். நியூஸ் ஃபீட் வந்த முதல் வாரம் லட்சக்கணக்கான பயனர்கள் கொதித்தெழுந்து எதிர்ப்புக் குழு அமைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வாரம் கருத்துக் கேட்டிருந்தால் பாதிப் பேர் விற்றிருக்கலாமே என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே என் முதல் கேள்வி: அடுத்த ஆறு மாதத்தில் நீங்கள் வெளியிடப் போவது என்ன? வாங்க வந்தவருக்கு அது தெரியுமா? "இன்னும் வளர்வோம் சார்" என்பதுதான் பதில் என்றால், உட்கார்ந்து விலை பேசுங்கள்.

2. மறுத்துவிட்டால் மறுநாள் காலையிலேயே வேலை இருக்கிறது.

2003இல் ஃபிரெண்ட்ஸ்டர் என்ற சமூகத் தளத்தை கூகுள் 3 கோடி டாலருக்குக் கேட்டது. அதன் நிறுவனர் ஜோனதன் ஆப்ரம்ஸ் மறுத்தார். முதலீட்டாளர்களும் பெரிய பெயர்கள்தாம், பணமும் வந்தது. ஆனால் ஒரு பக்கம் திறக்க 40 விநாடி வரை பிடித்தது. போர்டில் எதிர்காலத் திட்டங்கள் பேசப்பட்டுக்கொண்டிருந்தன. பயனர்கள் ஒவ்வொருவராகப் போட்டித் தளமான மைஸ்பேஸுக்கு நடையைக் கட்டினார்கள். 2009இல் மலேசிய நிறுவனம் ஒன்று ஃபிரெண்ட்ஸ்டரை வாங்கியது. ஆப்ரம்ஸ் மறுத்ததைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். மறுத்த பிறகு சர்வரைச் சரிசெய்யாமல் இருந்ததுதான் தப்பு.

3. ஓட்டு யாரிடம்?

பேஸ்புக்கில் சுக்கர்பெர்க் பிடிவாதம் பிடிக்க முடிந்ததற்குக் காரணம் மனவலிமை மட்டுமல்ல. நிறுவனத்தின் முதல் தலைவர் ஷான் பார்க்கர் ஆரம்பத்திலேயே அமைத்துக் கொடுத்த ஏற்பாட்டின்படி, போர்டு இடங்களில் பெரும்பான்மை சுக்கர்பெர்க் கட்டுப்பாட்டில் இருந்தது. மைஸ்பேஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது இன்டர்மிக்ஸ் என்ற தாய் நிறுவனத்தின் உடைமை. 2005இல் நியூஸ் கார்ப் 58 கோடி டாலர் கொடுத்து இன்டர்மிக்ஸையே வாங்கியபோது, தளத்தைக் கட்டியவர்களின் சம்மதம் யாருக்கும் தேவைப்படவில்லை. விற்பதா வேண்டாமா என்று இராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்துவிட்டு என்னிடம் வந்த பையன்களில் சிலருக்கு, அந்த முடிவை எடுக்கும் உரிமையே இரண்டாவது சுற்று முதலீட்டோடு போய்விட்டது என்பது தெரியாது. பங்குதாரர் ஒப்பந்தத்தை எடுத்து, யாருடைய சம்மதமில்லாமல் விற்க முடியாது, யார் சொன்னால் நீங்கள் விற்றே ஆக வேண்டும் என்ற இரண்டு பகுதிகளையும் முதலில் படியுங்கள்.

4. தலைப்பில் வரும் தொகை உங்கள் வீட்டுக்கு வரும் தொகையல்ல.

இதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். முதலீட்டாளர்கள் 40 கோடி ரூபாய் போட்டு 30 சதவீதம் வைத்திருக்கிறார்கள். நிறுவனம் 100 கோடிக்கு விலைபோகிறது. 30 சதவீதத்துக்கு 30 கோடிதானே? இல்லை. லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்ற ஷரத்து இருந்தால், போட்ட 40 கோடியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மீதி 60 கோடிதான் மற்ற 70 சதவீதக்காரர்களுக்கு. ஒரு சதவீதம் வைத்திருக்கும் உங்கள் முதல் எஞ்சினியர் 1 கோடி என்று நினைத்துக்கொண்டிருப்பார். கிடைப்பது சுமார் 86 லட்சம்.

அதே ஷரத்து 'பார்ட்டிசிபேட்டிங்' என்ற வகையாக இருந்தால், 40 கோடியையும் எடுத்துக்கொண்டு, மீதி 60 கோடியிலும் 30 சதவீதம் கேட்பார்கள். எஞ்சினியருக்கு 60 லட்சம். விலை 100 கோடியாக இல்லாமல் 45 கோடியானால், முதல் வகை ஷரத்திலேயே அவர் கைக்கு வருவது 7 லட்சத்துச் சொச்சம். இதற்கு வரியைக்கூட நான் இன்னும் கழிக்கவில்லை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் "நூறு கோடிக்குக் கேட்கிறார்கள்" என்று ஊழியர்களிடம் வாய் விடாதீர்கள்.

5. பணமா, பங்கா?

ஒரே ஆள் வாங்கிய இரண்டு கடைகளைப் பாருங்கள். 2012 ஏப்ரலில் பேஸ்புக் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்குப் பேசியது. பதின்மூன்று பேர் வேலை பார்த்த நிறுவனம் அது. அதில் 30 கோடிதான் ரொக்கம், மற்றது பேஸ்புக் பங்கு. மே மாதம் பேஸ்புக் சந்தைக்கு வந்ததும் பங்கு இறங்கியது. செப்டம்பரில் கைமாறியபோது மதிப்பு ஏறத்தாழ 71 கோடி. 2014 பிப்ரவரியில் வாட்ஸ்அப்புக்குப் பேசிய விலை 1,900 கோடி டாலர், அதிலும் பெரும்பகுதி பங்கு. இந்தத் தடவை பங்கு ஏறியது. அக்டோபரில் கைமாறியபோது மதிப்பு 2,200 கோடியை நெருங்கியிருந்தது. பங்காக வாங்குகிறவர் தன் கடையை விற்ற கையோடு இன்னொருவர் கடையில் முதலீடு செய்கிறார். அந்தக் கடையின் கணக்கையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். அவர்கள் உங்கள் கணக்கைப் படிக்காமலா விட்டார்கள்?

6. வாக்குறுதி எழுத்தில் வர வேண்டும், எழுத்தும் கெட்டியாக வர வேண்டும்.

விளம்பரம் வேண்டாம் என்பது வாட்ஸ்அப் நிறுவனர்களின் பிடிவாதம். தங்கள் சம்மதமில்லாமல் வருமான முயற்சி எதையாவது நடைமுறைப்படுத்தினால், மிச்சப் பங்கை உடனே கேட்டு வாங்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியும் இருந்தது. 2017இல் அவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் வெளியேறும்போது அதைக் கேட்டார். இன்னும் பரிசீலனைதான் செய்கிறோம், நடைமுறைப்படுத்தவில்லை என்றது பேஸ்புக் தரப்பு. அவர் சண்டைக்கு நிற்கவில்லை. சுமார் 85 கோடி டாலர் மதிப்புள்ள பங்கை விட்டுவிட்டுப் போனார். அவ்வளவு பெரிய ஆளுக்கே இந்தக் கதி. "உங்கள் சுதந்திரத்தில் தலையிடவே மாட்டோம்" என்று காபி ஷாப்பில் சொன்னதை நம்பி வருகிறவர்களிடம் நான் என்ன சொல்ல?

7. மறுத்தால் அவர் சும்மா போகமாட்டார்.

ஸ்னாப்சாட்டை பேஸ்புக் 2013இல் 300 கோடி டாலருக்குக் கேட்டது. அதன் நிறுவனர் இவான் ஸ்பீகல் மறுத்தார். 2016 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராமில் ஸ்டோரீஸ் வந்தது. யாரைப் பார்த்து வந்தது என்பதில் ஒளிவுமறைவே இல்லை. ஸ்னாப் பிழைத்தது, 2017இல் பங்குச் சந்தைக்கும் வந்தது. நீங்களும் பிழைக்கலாம். ஆனால் பேச்சுவார்த்தையில் உங்கள் எண்களை எந்த அளவுக்குத் திறந்து காட்டுகிறீர்கள் என்பதில் நிதானம் வேண்டும்.

8. கழுத்துக்குமேல் வெள்ளம் போகிற தொழிலென்றால் விற்பதில் வெட்கமில்லை.

யூடியூப் தொடங்கிய இருபது மாதத்துக்குள், 2006 அக்டோபரில், கூகுளுக்கு 165 கோடி டாலருக்குப் போனது. வீடியோ தளத்துக்கு ஆள் கூடக் கூட பேண்ட்வித் பில்லும் கூடும். பதிப்புரிமைச் சண்டை வேறு. அடுத்த மார்ச்சிலேயே வயாகாம் என்ற ஊடக நிறுவனம் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2014இல்தான் அது சமரசத்தில் முடிந்தது. அறுபது சொச்சம் பேர் இருந்த ஒரு நிறுவனம் ஏழு வருஷம் அந்த வழக்கைச் சுமந்திருக்குமா? விற்றது சரி என்பதே என் எண்ணம்.

நம்மூரில் ட்விட்டர் மாதிரி வந்த கூ செயலியைப் பாருங்கள். தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் வந்தது. ஆக்செல், டைகர் குளோபல் என்று முதலீட்டாளர்களுக்கும் குறைவில்லை. டெய்லிஹன்ட் உள்ளிட்ட நிறுவனங்களோடு நடந்த விற்பனைப் பேச்சு கைகூடாமல் 2024 ஜூலையில் கடையைக் கட்டினார்கள். வங்கிக் கணக்கில் மூன்று மாதச் சம்பளம் மட்டும் இருக்கும்போது வாங்குகிறவரைத் தேடினால், அவர் நான்காவது மாதத்துக்காகக் காத்திருப்பார். பன்னிரண்டு மாதச் செலவுக்குப் பணம் இருக்கும்போதே பேச ஆரம்பியுங்கள்.

9. கூட இருப்பவர்கள் போய்விடுவார்கள்.

யாஹூவை மறுத்த ஒரு வருஷம் சொச்சத்தில் நிர்வாகக் குழுவில் இருந்த எல்லோரும் போய்விட்டார்கள் என்று சுக்கர்பெர்க்கே 2017இல் ஹார்வர்டில் சொன்னார். உங்களுக்குக் கனவு, அவர்களுக்கு வீட்டுக் கடன். மறுப்பதென்றால் அந்த வாரமே கூப்பிட்டு உட்காரவைத்து, ஏன் மறுத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால், அடுத்த முதலீட்டுச் சுற்றில் அவர்கள் பங்கில் கொஞ்சத்தை விற்கவும் வழி செய்யுங்கள்.

10. சரி, விற்பதென்றே முடிவு. கடைசியாக ஒன்று.

டெர்ம் ஷீட் என்ற முதற்கட்ட ஒப்பந்தத் தாளில், இத்தனை நாள் வேறு யாரோடும் பேசமாட்டேன் என்று எழுதி வாங்குவார்கள். நோ-ஷாப் என்று பெயர். முப்பது நாளுக்குமேல் கொடுக்காதீர்கள். பேஸ்புக்கைக் கேட்ட அதே மாதத்தில் யாஹூவின் பங்கு ஒரே நாளில் 22 சதவீதம் விழுந்தது. உடனே 100 கோடி 85 கோடியாகிவிட்டது. சுக்கர்பெர்க் அப்போது யாருக்கும் கட்டுப்பட்டிருக்கவில்லை, சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். நீங்கள் தொண்ணூறு நாளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, விலை கேட்டு வந்த மற்றவர்களின் போனையும் எடுக்காமல் இருந்து, எண்பதாவது நாள் விலை குறைந்தால் யாரிடம் போவீர்கள்? முப்பது நாள், விலை குறைத்தால் அந்தக் கட்டுப்பாடு அன்றே காலாவதி என்று ஒரு வரி. வக்கீலிடம் சொல்லி அதைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள், பிறகு விலையைப் பேசலாம்.