முடக்கறுத்தான்

தமிழர் தாவரங்களுக்கு இட்ட பெயர்கள் சில, மருத்துவக் குறிப்புகளாகவே அமைந்துள்ளன. வேலியோரங்களில் படர்ந்து, காற்றடைத்த பை போன்ற பச்சைக் காய்களைத் தாங்கும் மெல்லிய கொடி முடக்கறுத்தான் எனப்படுகிறது. கைகால்களை முடக்கும் நோயை அறுப்பது என்பது இதன் பொருள். பேச்சுவழக்கில் இது முடக்கத்தான் ஆயிற்று. இதன் கரிய விதையில் இதய வடிவம் வெண்ணிறத்தில் பதிந்திருக்கும். அதனால், 'இதய விதை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு தாவரவியலார் இதற்குப் பெயரிட்டனர்.

சித்த மருத்துவம் மூட்டுவலியை வாத நோய்களுள் அடக்குகிறது. முடக்கறுத்தான் இலையை அரிசியோடு அரைத்துத் தோசையாக வார்ப்பதும், நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதும் இன்றும் வழக்கில் உள்ளன. ஒத்தடத்தின் வெப்பம் இறுகிய தசைகளைத் தளர்த்தி வலியைத் தணிக்கிறது. ஆயினும், மூட்டு சிவந்து வீங்கியிருக்கும்போது குளிர்ந்த ஒத்தடமே பெரும்பாலும் இதம் தரும்.

இவற்றினும் சிறந்த மருந்து ஒன்று உண்டு. அதற்கு விலையில்லை, அதனாலேயே அதனை எவரும் மதிப்பதில்லை. அம்மருந்து அசைவு ஆகும். எலும்புகளின் முனைகளை மூடியுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் உள்ள வழவழப்பான நீர்மமே அதற்கு உணவூட்டுகிறது. நடக்கும்போது குருத்தெலும்பு அழுந்தி விரிகிறது. நீரில் நனைந்த பஞ்சினைப் பிழிந்து விடுவது போன்றது இச்செயல். அசைவு நின்றால் இவ்வூட்டமும் குறைகிறது. மூட்டைத் தாங்கும் தொடைத் தசைகளும் மெலிகின்றன. முழங்கால் வலிக்கும் பாட்டியை எழ விடாமல், தண்ணீர்ச் செம்பையும் உணவுத் தட்டையும் அவர் இருக்கும் இடத்திற்கே கொண்டு சேர்ப்பது அன்புதான்; ஆனால், அவ்வன்பே அவரை மேலும் முடக்கிவிடக்கூடும். சமதளத்தில் மெல்ல நடப்பதும், நாற்காலியில் அமர்ந்தபடி காலை நீட்டிச் சில நொடிகள் நிறுத்தி இறக்குவதும் முதியோர்க்கும் இயலக்கூடிய பயிற்சிகள். உடற்பருமன் உடையவர் ஒரு கிலோ எடையைக் குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மூட்டில் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது.

மூலிகை என்றாலே தீங்கற்றது என்று கருதுவோர் செங்காந்தளை அறிதல் நன்று. தமிழ்நாட்டின் மாநில மலரான இது, திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் விதைக்காகப் பயிரிடப்படுகிறது. இதிலுள்ள கொல்சிசின் என்னும் வேதிப்பொருள், யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் உண்டாகும் கடும் வலியைத் தணிக்கும் மருந்தாகிறது. அளவு மிகுந்தால் அதுவே நஞ்சாகும். கண்வலிக்கிழங்கு எனப்படும் இதன் கிழங்கை உண்டு உயிரிழந்தோர் உளர்.

மூட்டுவலி அனைத்தும் முதுமையின் தேய்மானமும் அன்று. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குவதால் தோன்றும் முடக்குவாதம், இளையோரிடமும் காணப்படுகிறது. இரு கைகளின் விரல் மூட்டுகளும் ஒருசேர வீங்குதல், காலையில் விரல்களை மடக்க இயலாத விறைப்பு ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடித்தல் ஆகியன இதன் அறிகுறிகள். தைலம் தடவிக் காத்திருக்கும் மாதங்களில் எலும்பு அரிக்கப்படுகிறது. அவ்வாறு சிதைந்த மூட்டு பழைய நிலைக்கு மீள்வதில்லை. தொடக்கத்திலேயே மருத்துவம் பெற்றால் இச்சிதைவைப் பெரிதும் தடுக்கலாம். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவும் இயங்குகிறது. எம்மருத்துவரிடம் சென்றாலும், வீட்டில் உட்கொள்ளும் கீரை, சூரணம், மாத்திரை அனைத்தையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும்.