திரும்பி வந்த ஒன்பது கிலோ

அன்புள்ள அருணுக்கு,

காதுகுத்துக்கு நீ வராததற்கு ஆபீஸில் ரிலீஸ் என்று உன் அம்மா சொன்னாள். சரி என்று கேட்டுக்கொண்டேன். ஆனால் ஆடிப் பதினெட்டுக்கும் ரிலீஸ், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கும் ரிலீஸ் என்றால் சந்தேகம் வரத்தானே செய்யும். வீடியோ காலில் முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாய், அதையும் கவனித்தேன். போன வருஷம் இறக்கிய பதினாறு கிலோவில் ஒன்பது திரும்பிவிட்டது, அதுதான் விஷயம் என்று கடைசியில் உன் அம்மா வாயைத் திறந்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே கண்ணு, நான்தான் பிடுங்கினேன். மறுபடி ஜிம்மில் அந்தத் தொண்ணூறு நாள் பேக்கேஜில் சேரலாமா, இல்லை எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று நீ யோசிப்பதாகவும் சொன்னாள். முடிவு உன்னுடையது. முப்பத்தொரு வயசுப் பிள்ளைக்கு உத்தரவு போட நான் யார்? முடிவெடுக்கும் முன் இதைப் படித்துவிடு, அவ்வளவுதான்.

உன் அப்பா என்ன சொல்லியிருப்பான் என்று நான் கேட்கவே வேண்டாம். “மனசு வெச்சா முடியாதது என்ன இருக்கு?” படிப்புக்கும், கடனுக்கும், தாத்தாவின் மூட்டுவலிக்கும் அவன் கொடுத்த ஒரே கஷாயம் அதுதான். அந்தப் பேச்சு இந்தக் குடும்பத்தில் யார் யாரை என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். அதை இங்கே கிளற வேண்டாம். எடை விஷயத்தில் அது தப்பு என்பதற்கு மட்டும் சாட்சி சொல்கிறேன். 1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படிச் சோறு போட்டுத் தேற்றுவது என்று தெரிந்துகொள்ளத்தான் அது. அந்த 36 பேரும் மனசாட்சிக்காக ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். ஊரே போருக்குப் போகும்போது நான் போகமாட்டேன் என்று நிற்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அப்படிப்பட்டவர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. உன்னுடைய ஜிம் டயட் சார்ட்டில் 1,200 என்று போட்டிருந்ததாக உன் அம்மா சொன்னாள். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்.

எடையில் கால்வாசி போனது; அது எதிர்பார்த்ததுதான். மனசு என்ன ஆனது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்துக் கதைப்புத்தகம் போலப் படித்தார்கள். சாப்பிட்ட தட்டை நக்கினார்கள். சிரிப்பு போனது, பேச்சு குறைந்தது, கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கினார்கள், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள். சோதனை முடிந்து வேண்டிய மட்டும் சாப்பிட விட்ட பிறகும் பசி அடங்கவில்லை. வயிறு முட்டியும் பலருக்குப் பசித்துக்கொண்டே இருந்தது, உடம்பில் கொழுப்பு முன்னிருந்ததைத் தாண்டி ஏறியது. இவர்கள் மனசு வைக்காதவர்களா? இதை உன் அப்பாவிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

அவர்கள் குண்டாக இருந்தவர்கள் இல்லையே, என் கதை வேறு என்று நீ சொல்லலாம். நியாயமான கேள்விதான். அதற்கு அமெரிக்காவில் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற டிவி போட்டியில் எடை குறைத்தவர்களைப் பார்க்கலாம். அதில் 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்து, கெவின் ஹால் குழுவினர் 2016ல் முடிவை வெளியிட்டார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ இறக்கியவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. அதைவிட முக்கியம் இது: சும்மா படுத்திருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் கலோரி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 குறைவாக இருந்தது. ஒரு வேளைச் சாப்பாடு! எடை திரும்பி வந்த பிறகும் அந்தக் குறைவு சரியாகவில்லை. இன்னொரு பக்கம் பசி. மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் 2011ல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் கடும் டயட்டில் இருந்தவர்களுக்கு, கொழுப்புக் கையிருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் கூடியிருந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அது பழைய நிலைக்கு வரவில்லை. பஞ்சத்தில் பிழைத்தவர்களின் வம்சம் நாம். உடம்புக்கு உன் சட்டை சைஸ் தெரியாது. கையிருப்பு கரைகிறது என்பது மட்டும்தான் தெரியும். திரும்பி வந்த ஒன்பது கிலோவில் பெரும்பங்கு அதன் வேலை. இனிமேல் “எனக்குக் கட்டுப்பாடு இல்லை” என்று உன் அம்மாவிடம் அழாதே.

அப்படியானால் எதைச் செய்தும் பயனில்லையா, விட்டுவிடவா என்று கேட்பாய். விடச் சொல்லவில்லை. நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வு 2006ல் வந்தது. சர்க்கரை நோய்க்கு முந்திய நிலையில் இருந்த 531 பேர். வழக்கமான ஆலோசனையோடு விட்ட குழுவில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. தினம் நடை, சீனியும் மாவுச்சத்தும் குறைவு, நார்ச்சத்து கூடுதல் என்று இருந்த குழுவில் 39 சதவீதம். இதில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? அந்த நடைக் குழுவில் சராசரி எடை இறங்கவே இல்லை. மெஷினில் முள் நகராமலே உள்ளே காரியம் நடந்திருக்கிறது. நம் குடும்பத்தில் தாத்தா, பெரியப்பா, உன் அப்பா மூவரின் சர்க்கரைக் கணக்கும் உனக்குத் தெரியும். அதனால் உனக்கு இதுதான் முதல் கேள்வி. உன் கல்யாண ஆல்பத்தில் தாடை எப்படித் தெரியும் என்பது நாலாவது கேள்வி. எடையே இறங்காது என்றும் நினைத்துவிடாதே. அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகள் ஐயாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து நடந்த ‘லுக் அஹெட்’ ஆய்வில், விடாமல் ஆலோசனை பெற்ற குழுவில் எட்டு வருஷம் கழித்தும் பாதிப் பேர் ஐந்து சதவீதமாவது குறைந்த எடையிலேயே நின்றார்கள். ஐந்து சதவீதம் என்றால் உனக்கு நாலரை கிலோ. நீயோ திரும்பியது போக இன்னும் ஏழு கிலோ கீழேதான் நிற்கிறாய். அதை ஏன் யாரும் உன்னிடம் சொல்லவில்லை?

இப்போது அந்தப் பேக்கேஜ். முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது என்று அவர்கள் போடும் போஸ்டர் பொய்யில்லை. ஈரலிலும் தசையிலும் இருக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் அது காலியாகி, தண்ணீரும் சேர்ந்து போகும். ஒரு கல்யாணப் பந்தியில் சாப்பிட்டால் அதே தண்ணீர் உப்போடு சேர்ந்து திரும்பி வரும். மறுநாள் காலை மெஷினில் ஒன்றரை கிலோ கூட நிற்பதைப் பார்த்து நீ பந்திக்கே போவதில்லை என்று முடிவெடுத்தாயாமே. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏழாயிரத்து எழுநூறு கலோரி மிஞ்ச வேண்டும். ஒரே ராத்திரியில் ஒன்றரை கிலோ கொழுப்பு போட, நீ எத்தனை பந்தி எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும், கணக்குப் போட்டுப் பார். அவசரமாக இறக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், பித்தப்பையில் கல் சேர வாய்ப்பு கூடும். தொண்ணூற்றொன்றாம் நாள் என்ன சாப்பிடுவது என்று அந்தச் சார்ட்டில் ஒரு வரி கூட இல்லை. காசை வாங்கிக்கொண்டு பாதி வேலைதான் செய்கிறார்கள் என்பேன்.

ஊசி விஷயத்தில் நான் பழமைவாதி இல்லை, கேலி செய்யமாட்டேன். செமாக்ளூட்டைட் என்ற அந்த ஊசி மருந்தைப் போட்டவர்களுக்கு ஓர் ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 15 சதவீதம் எடை இறங்கியது. அது பெரிய விஷயம். ஊசி பலிக்கிறது என்பதே என் கட்சிக்குச் சாட்சி: இது வெறும் மனசு சம்பந்தப்பட்டதாக இருந்தால் மருந்து எப்படிப் பசியை அடக்கும்? ஆனால் நிறுத்திய ஒரு வருஷத்தில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. பிரஷர் மாத்திரை போலத் தொடர்ந்து போட வேண்டியது அது. நிச்சயதார்த்தத்துக்கு நாலு மாசம் போட்டுவிட்டு நிறுத்துகிறேன் என்றால், மறுபடி இதே பள்ளத்தில்தான் வந்து நிற்பாய். உன் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் மூன்றையும் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும். இன்ஸ்டாகிராமில் எவனோ சொன்னான் என்று போட்டுக்கொள்ளாதே.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதை விற்பவர் யாருமில்லை. இறக்குவதைக் கொஞ்சம் மறந்துவிட்டு, இப்போது நிற்கும் எடையிலேயே ஆறு மாதம் நின்று காட்டு. அரிசிம்பருப்பை விட வேண்டாம். அதில் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டு. கொள்ளு, முட்டை, தயிர் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். ஐசிஎம்ஆர் என்ற மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பின் கணக்குப்படி நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. மாற்ற வேண்டியது அங்கேதான். நடையோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கு, தசை நிற்கட்டும். அமெரிக்காக்காரன் நேரத்துக்கு ராத்திரி ரெண்டு மணி வரை விழித்திருக்கிறாயே, அதைப் பற்றியும் மேனேஜரிடம் பேசு. 2010ல் பத்துப் பேரை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், இருந்தாலும் சொல்கிறேன்: ஒரே அளவுச் சாப்பாட்டில், தூக்கம் குறைந்தபோது எடை அதேபோல இறங்கியது, ஆனால் கரைந்ததில் கொழுப்பின் பங்கு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மெஷினில் தினம் ஏறாதே, வாரம் ஒரு நாள் போதும். இடுப்பில் டேப் வைத்து அள. நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. இது மெதுவான வழி, அலுப்பான வழி, போட்டோவுக்கு முன் பின் என்று போட ஒன்றும் இருக்காது.

சொந்தக்காரர்கள் வாயைப் பற்றிப் பேசாமல் முடித்தால் நியாயமாகாது. இளைத்து வந்தபோது “சுகர் ஏதும் இருக்குதா?” என்று கேட்டவர்கள்தான் இப்போது “மறுபடி பூசிட்டியே” என்பார்கள். இரண்டுக்கும் ஒரே பதில்: “ஆமாங்க, நீங்க சாப்பிட்டீங்களா?” அவர்களுக்குப் பயந்து நீ வீட்டுக்குள் உட்கார்ந்தால், அங்கே துணைக்கு இருப்பது ஸ்விகி மட்டும்தான். தனியாக உட்கார்ந்து வெட்கத்தில் சாப்பிடும் சாப்பாட்டுக்கு அளவு கிடையாது. நீ வராததை நான் இவ்வளவு பெரிசு பண்ணுவது அதனால்தான், வேறு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

ரொம்பப் பேசிவிட்டேன். டீச்சர் வேலை பார்த்த வாய், விட மாட்டேன் என்கிறது. பிடிக்காததைக் கிழித்துப் போட்டுவிடு. பொங்கலுக்கு மட்டும் வந்துவிடு கண்ணு; கச்சாயம் சுடுகிறேன், எத்தனை வேண்டுமோ சாப்பிடு, நான் எண்ணமாட்டேன், யாரையும் எண்ணவும் விடமாட்டேன். நீ எந்த எடையில் வந்தாலும் இந்த வீட்டில் உன்னைவிட அழகான பிள்ளை கிடையாது. டாக்டர் ஊசிதான் சரி என்றால் தயங்காமல் போட்டுக்கொள். மாசாமாசம் செலவாகும் என்று யோசிக்காதே, என் பென்ஷன் சும்மாதான் கிடக்கிறது. உன் அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அத்தை